சொந்தக் காசில் படிப்பவர்

(ஆலங்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பணியாளர்களின் பயிற்சிச் செலவுக்கும் பயணச் செலவுக்கும் வரி எப்படி என்பது தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த ஒருவர், "இதற்கெல்லாம் ஆட்கள் வருவார்களா?" என்று கேட்டாராம். வந்திருக்கிறீர்கள். எனவே உங்கள் நேரத்தை வீணாக்காமல் நேரே கணக்குக்குள் போய்விடுகிறேன்.

ஆலங்குடியிலிருந்து போய்ச் சென்னையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 15 லட்சம் ரூபாய். 2025-26 நிதியாண்டு. விலக்குகளும் விகிதமும் குறைந்த புதிய வரி முறை. நிலையான கழிவு 75,000 போனால் வரிக்குரிய வருமானம் 14,25,000. அதற்கு வரி 93,750. நான்கு விழுக்காடு செஸ் சேர்த்தால் 97,500. இவருடைய வேலைக்கு ஒரு புதிய பயிற்சி தேவைப்படுகிறது. கட்டணம் 50,000 ரூபாய்.

நிறுவனமே அவரைப் பயிற்சிக்கு அனுப்பி, கட்டணத்தையும் நேரடியாகக் கட்டிவிட்டால் அவர் வரியில் ஒரு ரூபாய் கூடாது. அதே நிறுவனம், "நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் அம்மா" என்று அந்த 50,000 ரூபாயைச் சம்பளத்தோடு சேர்த்துப் போட்டால் வரி 7,800 ரூபாய் கூடும். கைக்கு வருவது 42,200, மீதிக்குத் தன் பையில் கை விட வேண்டும். நிறுவனம் எதுவுமே தராமல் அவர் சொந்தக் காசில் படித்தாரென்றால், அந்த 50,000 ரூபாயைச் செலவழிக்க அவர் சுமார் 59,240 ரூபாய் சம்பாதித்திருக்க வேண்டும். வரி போக மிஞ்சியதில்தானே கட்ட முடியும்?

வகுப்பும் ஒன்று, சான்றிதழும் ஒன்று. அவர் என்ன படித்தார், அது வேலைக்கு உதவியதா என்று சட்டம் கேட்கவில்லை. பணம் எந்த வாசல் வழியாகப் போனது என்று மட்டும் கேட்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

இந்த அவையில் பலர் மனத்துக்குள் சிரிக்கலாம். புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12,75,000 ரூபாய் வரை வரியே இல்லையே, பிறகு நமக்கென்ன என்று. நியாயம்தான். ஆனால் பணிமூப்பு அடைந்த தலைமையாசிரியர்கள், வங்கி மேலாளர்கள், அரசு மருத்துவர்கள் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கணவனும் மனைவியும் அரசு வேலையில் இருந்தால் வீட்டுக்கு ஒருவராவது தாண்டியிருப்பார். மீதிப்பேரும் அடுத்த ஊதியக் குழு வந்தால் தாண்டுவார்கள்.

இனி கொஞ்சம் வரலாறு. நம் ஊர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்த ஊர். 1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதற்குப் பிறகுதான் 1922ஆம் ஆண்டின் இந்திய வருமான வரிச் சட்டம் இந்த மண்ணில் கால் வைத்தது. அந்தச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருந்தது. 1853ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம், ஒருவர் தம் வேலையைச் செய்வதற்காக முழுவதும், அதற்கென்றே, தவிர்க்க முடியாமல் செய்த செலவை மட்டும் சம்பளத்திலிருந்து கழிக்கலாம் என்றது. அலுவலுக்காகக் குதிரை வளர்த்தால் அதன் செலவையும் கழிக்க அனுமதித்தது. வேடிக்கை என்னவென்றால், மோட்டார் வந்து, விமானம் வந்து, 1988இல் சட்டத்தைப் புதிதாகத் தொகுத்தபோதும் குதிரை அப்படியே நின்றது.

நம்முடைய 1961 சட்டம் பிறந்தபோது சம்பளக்காரர்களிடம் ஓரளவு பரிவோடுதான் இருந்தது. அதன் 16ஆம் பிரிவில், பணிக்குத் தேவையான புத்தகங்கள் வாங்கினால் ஆண்டுக்கு 500 ரூபாய் வரை கழிவு உண்டு. சொந்த வாகனத்தை வேலைக்குப் பயன்படுத்தினால் அதற்குக் கழிவு. பணி நிபந்தனைப்படி ஒருவர் தம் சம்பளத்திலிருந்து கட்டாயம் செய்ய வேண்டிய செலவு இருந்தால் அதற்கும் கழிவு. 1961இல் 500 ரூபாய் என்றால் ஓர் ஆசிரியரின் வீட்டில் ஒரு சிறு நூலகமே எழும். அன்றைக்குச் சட்டம் எழுதியவர்கள், சம்பளம் வாங்குகிறவரும் படித்துக்கொண்டே இருக்க வேண்டியவர் என்பதை ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

1974ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதையெல்லாம் துடைத்துவிட்டது. ஒவ்வொருவரின் ரசீதையும் பார்த்துக்கொண்டிருந்தால் வருமான வரி அலுவலகம் தாங்காது. ஆகவே எல்லோருக்கும் ஒரே அளவில் ஒரு கழிவு என்றார்கள். முதல் 10,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 20 விழுக்காடு, அதற்கு மேல் 10 விழுக்காடு, உச்ச அளவு 3,500. நிலையான கழிவு பிறந்த கதை இது. நிர்வாகக் கண்ணோடு பார்த்தால் நல்ல யோசனை. அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் நாற்காலியை விட்டு எழாமல் வேலை பார்ப்பவரும், வடகாட்டுக்கும் கீரமங்கலத்துக்கும் வெயிலில் வண்டி ஓட்டுபவரும் அன்றிலிருந்து ஒரே தட்டில் நிறுத்தப்பட்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1974இல் புத்தகக் கழிவு போனது. ஆனால் விருந்தோம்பல் படி என்று ஒன்று உண்டு. அரசு ஊழியர்களுக்கு 5,000 ரூபாய் என்ற உச்ச அளவோடு அதற்கான கழிவு 1961 சட்டத்தின் பழைய முறையில் 2025-26 நிதியாண்டு வரை நீடித்தது. பேரூராட்சிக்குக் கட்டும் தொழில் வரிக்கும் பழைய முறையில் கழிவு உண்டு. தொழில் பார்ப்பதற்காகக் கட்டும் வரியைக் கழிக்கலாம், அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளக் கட்டும் கட்டணத்தைக் கழிக்க முடியாது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. வீடு மாற்றும்போது எது போனது, எது தங்கியது என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு 2005 பட்ஜெட்டில் நிலையான கழிவும் போனது. அதை எடுத்த நிதியமைச்சர் ப. சிதம்பரம், நம் பக்கத்துச் சிவகங்கைக்காரர். 2009இல் ஆலங்குடியும் சேர்ந்த சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியிலிருந்தே அவர் வென்றார். வரிவிலக்கு வரம்பை ஒரு லட்சமாக உயர்த்தியிருக்கிறோமே என்பது அன்றைய சமாதானம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் சம்பளக்காரர்கள் பொறுத்திருந்தார்கள். 2018இல் அருண் ஜெய்ட்லி 40,000 ரூபாயாக அதைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்த கையால் இரண்டை எடுத்துக்கொண்டார்: மாதம் 1,600 வீதம் ஆண்டுக்கு 19,200 ரூபாய்ப் போக்குவரத்துப் படி விலக்கும், 15,000 ரூபாய் மருத்துவச் செலவு விலக்கும் போயின. கூட்டிக் கழித்தால் ஊழியருக்குக் கூடுதலாகக் கிடைத்த கழிவு 5,800 ரூபாய். அடுத்த ஆண்டு அது 50,000 ஆனது. 2024இல் புதிய முறைக்கு மட்டும் 75,000.

வரலாறு போதும். இனி, சம்பள வரிச் சான்றான உங்கள் 2025-26 ஃபார்ம் 16இல் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

வீட்டிலிருந்து பணியிடத்துக்குப் போய் வரும் செலவு வரிச் சட்டத்தின் கண்ணில் உங்கள் சொந்தச் செலவு. புதுக்கோட்டையில் குடியிருந்து ஆலங்குடிக்குத் தினமும் வந்து போகும் ஆசிரியருக்கு அந்தப் பஸ் கட்டணத்தில் எந்தக் கழிவும் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 2025-26 கணக்கில் மாதம் 3,200 ரூபாய் வரை போக்குவரத்துப் படியில் விலக்கு உண்டு. அது புதிய முறையிலும் தொடர்கிறது. ஆனால் அதே தூரத்துக்கு நிறுவனம் வேன் அனுப்பி ஏற்றிக்கொண்டு போனால் அது சலுகையே அல்ல, வரியும் இல்லை என்று 1961 சட்டத்தின் 17ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. பெரிய ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள் இந்த வசதியை வரி என்று நினைக்காமலே அனுபவிக்கிறார்கள். சிறிய கடையில் கணக்கு எழுதுபவருக்கு யார் வேன் அனுப்புவார்கள்?

அலுவல் நிமித்தம் வெளியூர் போவது வேறு கணக்கு. பயணப்படி, தினப்படி, பேட்டா என்று நாம் சொல்லும் தொகைகளுக்கு 10ஆம் பிரிவின் 14ஆம் உட்பிரிவும், வருமான வரி விதி 2பிபியும் விலக்குத் தருகின்றன. இடமாற்றத்தில் சாமான்களைக் கட்டி லாரியில் ஏற்றிய செலவுக்குத் தரும் தொகையும் அதில் அடங்கும். ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. உண்மையில் எவ்வளவு செலவானதோ அவ்வளவுக்குத்தான் விலக்கு. மிச்சம் பிடித்தது சம்பளம்தான். மாதாமாதம் நிலையான பயணப்படி வாங்குகிற களப்பணியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். படி வருகிறது என்பதாலேயே அது முழுவதும் விலக்கு ஆகிவிடாது; சுற்றிய ஊர்களுக்கு நாட்குறிப்பு இருக்க வேண்டும்.

"செலவானதற்கு அலுவலகம் ஆதாரம் கேட்க வேண்டுமா?" என்பது பழைய சண்டை. லார்சன் அண்ட் டூப்ரோ வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது. விடுப்புப் பயணச் சலுகையும் பயணப்படியும் உண்மையில் செலவானதா என்று ஆதாரம் திரட்டும் சட்டக் கடமை முதலாளிக்கு இல்லை என்றது. பிறகு விதிகளை மாற்றி, விடுப்புப் பயணச் சலுகைக்குப் படிவம் 12பிபியில் ஆதாரம் தரச் சொல்லிவிட்டார்கள். ஒன்றைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அலுவலகம் கேட்க வேண்டியதில்லை என்றால், வரி அதிகாரி உங்களைக் கேட்கக் கூடாது என்று பொருள் அல்ல. அவர் கேட்கலாம். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இப்போது பயிற்சிக்கு வருகிறேன். திருவரங்குளம் ஒன்றியத்தில் வேலை பார்க்கும் ஆசிரியரைப் பணியிடைப் பயிற்சிக்கென்று துறை வெளியூருக்கு அனுப்புகிறது. செயல்முறை ஆணை இருக்கிறது, பணியில் இருப்பதாகக் கருதும் ஓ.டி. இருக்கிறது, கலந்துகொண்ட சான்று இருக்கிறது. அந்தப் பயணத்துக்கான படி அலுவல் பயணப் படிதான். பழைய முறையிலும் புதிய முறையிலும் அதற்கு விலக்கு உண்டு.

விதி 2பிபியில் இன்னொரு வகைப் படியும் உண்டு. கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் கற்றல், ஆராய்ச்சி, பயிற்சி ஆகியவற்றை ஊக்குவிக்கத் தரப்படும் படி. நம் பக்கத்துக் கல்லூரிப் பேராசிரியர்களுக்குப் பொருந்தக்கூடியது. பழைய முறையில் செலவான அளவுக்கு அதற்கு விலக்கு. 2020இல் புதிய முறையைக் கொண்டுவந்தபோது எந்தப் படிகளை விட்டுவைப்பது என்று விதியில், மாற்றுத்திறனாளிகளின் போக்குவரத்துப் படியைத் தவிர, மூன்றை மட்டும் எழுதினார்கள்: சுற்றுப்பயணச் செலவு, தினப்படி, அலுவல் பணிக்கான வாகனப்படி. ஆராய்ச்சி, பயிற்சிப் படி பட்டியலில் இல்லை. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை. எதுவும் சொல்லாமல் இருந்தால் நீங்கள் அதில்தான். ஆக, கருத்தரங்குக்குப் போகிற பஸ் செலவுக்கு விலக்கு இருக்கிறது. கருத்தரங்கில் உட்கார்ந்து படிப்பதற்கு ஊக்கத்தொகை கொடுத்தால் அதற்கு வரி. இந்த முடிவுக்கு ஒரு நியாயமான காரணத்தை நான் தேடிப் பார்த்தேன். விலக்குகளைக் குறைத்து விகிதத்தையும் குறைப்போம் என்ற பொதுக் கொள்கையைத் தவிர வேறெதுவும் எனக்குத் தென்படவில்லை. அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டாலும், பயணத்தை வைத்துக்கொண்டு படிப்பைக் கழற்றியது சரியல்ல என்றே நினைக்கிறேன்.

தனியார் நிறுவனம் பயிற்சிக் கட்டணத்தைத் தானே கட்டினால் வரி இல்லை என்றேன். அதிலும் ஓர் இடத்தில் இடறலாம். 17ஆம் பிரிவின்படி, ஊழியர் கட்ட வேண்டிய ஒரு கடனை முதலாளி கட்டினால் அது ஊழியரின் வருமானம். பயிற்சி நிலையத்தின் பில் ஊழியர் பெயரில் இருந்து, அவர் தாமாகச் சேர்ந்த படிப்பாக இருந்து, பிறகு முதலாளி பணம் தந்தால், "இது உங்கள் கடன், அவர் அடைத்திருக்கிறார்" என்று அதிகாரி சொல்ல இடமிருக்கிறது. முதலில் ஆணை, பிறகு சேர்க்கை, பில் நிறுவனத்தின் பெயரில் என்ற வரிசை முக்கியம். மூன்றாண்டு பட்டப் படிப்பு என்றால் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் பட்டம் வேலையை விட்டுப் போனாலும் கூடவே வரும்.

இப்போது இரண்டு இரட்டையர்களைக் காட்டப் போகிறேன். என் கட்சி அவர்களிடம்தான் இருக்கிறது.

முதல் இரட்டையர் எல்.ஐ.சி.யில். ஒரே மோட்டார் சைக்கிளில் முன்னால் வளர்ச்சி அதிகாரி, பின்னால் முகவர். இருவரும் கொத்தமங்கலத்துக்குப் போகிறார்கள், ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே பாலிசியைப் பற்றிப் பேசுகிறார்கள். முகவரின் கமிஷன் தொழில் வருமானம். பெட்ரோல், டீ, போன் எல்லாம் கழித்துக்கொள்ளலாம். கணக்கு வைக்காத சிறிய முகவருக்குக்கூட 1993ஆம் ஆண்டின் 648ஆம் சுற்றறிக்கை, கமிஷன் 60,000க்குக் குறைவாக இருந்தால் முதலாண்டுக் கமிஷனில் பாதியையும் புதுப்பிப்புக் கமிஷனில் 15 விழுக்காட்டையும், 20,000 ரூபாய் உச்ச அளவோடு, செலவாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. முன்னால் வண்டி ஓட்டியவர் சம்பளக்காரர். அவருக்கு வரும் ஊக்க போனஸிலிருந்து களச் செலவைக் கழிக்கக் கேட்டுப் பல மாநிலங்களில் வளர்ச்சி அதிகாரிகள் வழக்காடினார்கள். போனஸும் சம்பளமே, சம்பளத்துக்குச் சட்டம் சொன்ன கழிவு மட்டுமே என்ற கருத்துத்தான் பெரும்பாலான உயர் நீதிமன்றங்களில் நிலைத்தது. சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் வேறு தீர்ப்புச் சொல்லவும் முடியாது. பெட்ரோல் போட்டவருக்குக் கழிவு இல்லை, பின்னால் உட்கார்ந்தவருக்கு உண்டு.

இரண்டாவது இரட்டையர் மருத்துவர்கள். ஒருவர் மருத்துவமனையில் சம்பளத்துக்கு. மற்றவர் கடைவீதியில் சொந்த கிளினிக். மருத்துவர் என்றால் ஐந்தாண்டுக்குள் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. இருவருக்கும் அதே விதி. இருவரும் மதுரைக்கோ சென்னைக்கோ மாநாட்டுக்குப் போகிறார்கள். கிளினிக் வைத்திருப்பவருக்கு 37ஆம் பிரிவில் அது தொழில் செலவு. பில் வைத்துக்கொள்ளச் சோம்பலா? 2016-17 முதல் 44ஏடிஏ பிரிவு இருக்கிறது. வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், ரொக்கம் ஐந்து விழுக்காட்டுக்கு மிகாதபோது 75 லட்சம் வரை, வரவில் பாதியை லாபம் என்று காட்டினால் போதும். மறுபாதி செலவு என்று கேள்வி இல்லாமல் ஒப்புக்கொள்ளப்படும். 30 லட்சம் வரவுக்கு 15 லட்சம் கழிவு. சம்பளக்கார மருத்துவருக்கு 30 லட்சத்துக்கும் அதே 75,000.

இதன் விளைவைத் திருச்சியிலும் மதுரையிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளில் பார்க்கலாம். மருத்துவர்களைச் 'சம்பளம்' என்று எடுக்காமல் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எடுக்கிறார்கள். 10 விழுக்காடு டி.டி.எஸ். பிடித்தால் முடிந்தது. மருத்துவருக்கு 44ஏடிஏ கிடைக்கிறது. மருத்துவமனைக்கு வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடைத் தொல்லை இல்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, விடுப்புக்கு விண்ணப்பம், மேலதிகாரியின் உத்தரவு எல்லாம் இருந்தும் அவர் 'ஆலோசகர்'. வருமான வரித்துறை அவ்வப்போது இது சம்பளம்தான் என்று வழக்குப் போடுகிறது. ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்து ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம். மென்பொருள் துறைக்கும் இந்தப் பழக்கம் பரவிவிட்டது. ஊழியராக இருப்பதற்கே வரிச் சட்டம் அபராதம் போட்டால், ஊழியர்கள் ஊழியர்களாக இருக்க மாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. இங்கிலாந்தில் ரிக்கட்ஸ் என்ற வழக்கறிஞர் லண்டனில் தொழில் பார்த்துக்கொண்டே போர்ட்ஸ்மவுத்தில் நீதிப் பதவி வகித்தார். போய்வரும் ரயில் கட்டணத்தைக் கழிக்கக் கேட்டார். 1925இல் பிரபுக்கள் சபை மறுத்தது: அவர் லண்டனில் இருப்பது அவர் விருப்பம், வேலை போர்ட்ஸ்மவுத் போன பிறகுதான் தொடங்குகிறது. 1962இல் ஒரு தலைமையாசிரியர் வழக்கு, ஹம்பிள்ஸ் எதிர் புரூக்ஸ். பள்ளியில் வரலாறு கற்பித்த அவர் வார இறுதியில் வரலாற்று விரிவுரைகளுக்குச் சொந்தச் செலவில் போனார். நீதிமன்றம் சொன்னது: விரிவுரை கேட்பது கற்பிக்கத் தயாராவது, கற்பிப்பது அல்ல, கழிவு இல்லை. தயாராகாமல் கற்பிக்கும் ஆசிரியரைப் பற்றி அந்த நீதிமன்றம் என்ன நினைத்ததோ. 2010இல்தான் அங்கே கொஞ்சம் இளகியது. பயிற்சி மருத்துவராக வேலை பார்த்த ஒருவருக்குப் பயிற்சியே ஒப்பந்தத்தின் பகுதி என்பதால் அவர் போன வகுப்புகளின் செலவை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. மேற்கு ஆஸ்திரேலிய அரசின் கட்டடக் கலைஞர் ஒருவர் தம் விடுப்பில், பெரும்பகுதி சொந்தச் செலவில், தென் அமெரிக்கா வரை போய்க் கட்டடங்களைப் பார்த்து வந்தார். 1961இல், ஃபின் வழக்கு என்று சொல்வார்கள், உயர் நீதிமன்றம் அந்தச் செலவைக் கழிக்க அனுமதித்தது. திறமை கூடினால் வேலை உயரும், வேலை உயர்ந்தால் வருமானம் உயரும், ஆகவே இது வருமானத்துக்கான செலவுதான் என்ற நேரான வாதம். அங்கே சுயகல்விச் செலவு இன்றைக்கும் கழிவு. ஜெர்மனியில் வேலைக்குப் போய்வரும் தூரத்துக்குக்கூடக் கிலோமீட்டர் கணக்கில் கழிவு உண்டு. அமெரிக்காவில் ஊழியர்கள் தம் கைச்செலவைக் கழிப்பதை 2018 முதல் நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டும், 2025 நிலவரப்படி 300 டாலர் வரை, பணிசார் பயிற்சிக் கட்டணம் உட்பட, தனிக் கழிவு நிற்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் இருக்கும் சிங்கப்பூரில் படிப்புக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 5,500 வெள்ளி வரை நிவாரணம் இருந்தது. அதை 2026 மதிப்பீட்டாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். படிப்புக்கு அங்கே அரசு நேரடியாகப் பணம் தருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயணம் என்றதும் விடுப்புப் பயணச் சலுகையைக் கேட்பீர்கள். இது பழைய முறையில் மட்டும், இந்தியாவுக்குள் மட்டும். டெல்லியிலிருந்து மதுரைக்கு வந்து திரும்ப வேண்டிய ஒரு ஸ்டேட் பாங்க் ஊழியர், கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் சுற்றிவிட்டு வந்து முழுத்தொகையும் வாங்கினார். வங்கியும் வரி பிடிக்காமல் கொடுத்தது. 2022 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் கால் வைத்த பயணத்துக்கு விலக்குக் கிடையாது, வரி பிடிக்காதது வங்கியின் தவறு என்றது. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மதுரையிலிருந்து டெல்லி திரும்பச் சிங்கப்பூர் குறுக்கு வழி என்று யார் நம்புவார்கள்?

இன்னொரு முரண். 80சி பிரிவில் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்குக் கழிவு உண்டு, இரண்டு பிள்ளைகள் வரை. பெற்றவர் தாமே படித்தால் அந்தப் பிரிவில் இடமில்லை. கடன் வாங்கிப் படித்தால் 80இ பிரிவில் வட்டியைக் கழிக்கலாம். அது தம் படிப்புக்கும் பொருந்தும். சேமித்து வைத்துப் படித்தவருக்கு ஒன்றுமில்லை. இரண்டும் பழைய முறையில்தான்.

பயிற்சிப் பத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இளைஞர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். மூன்றாண்டுக்குள் வேலையை விட்டால் இரண்டு லட்சம் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிக் கட்டுகிற பணம் வரி செலுத்திய சம்பளத்திலிருந்து போகிறது. சம்பளத் தலைப்பில் அதைக் கழிக்க ஒரு பிரிவும் இல்லை. கையெழுத்துப் போடும் முன் இதையும் கணக்கில் வையுங்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம். நான் இன்று சொன்ன பிரிவு எண்களெல்லாம் அதில் வேறு. மதிப்பீட்டாண்டுக்குப் பதில் வரி ஆண்டு. ஆனால் ஊழியர் தம் கையிலிருந்து செய்யும் பயிற்சிச் செலவைச் சம்பளத்திலிருந்து கழிக்க அதிலும் இடம் வைக்கவில்லை.

என் கோரிக்கை சிறியது. 1974க்கு முன்னிருந்த புத்தகக் கழிவை இன்றைய உருவில், இரண்டு முறைகளிலும் கொண்டுவர வேண்டும். சம்பளக்காரர் தம் பணி தொடர்பான பயிற்சிக்குச் சொந்தமாகக் கட்டிய கட்டணம், ஓர் உச்ச அளவுக்குள், நிலையான கழிவுக்கு மேலாக. பயணத்தை நான் கேட்கவில்லை; பயணத்தில் ஏமாற்று அதிகம் என்பது எனக்குத் தெரியும். போலி பில் வரும் என்று டெல்லியில் சொல்வார்கள். 1974இல் அது சரியான பயம். இன்று தனியார் பயிற்சி வகுப்புக் கட்டணத்துக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.; 50,000 ரூபாய்க் கட்டணத்துக்கு 9,000 ரூபாய். அந்த பில் பயிற்சி நிலையம் தாக்கல் செய்யும் கணக்கிலேயே இருக்கிறது. ஊழியரின் பான் எண்ணையும் அதோடு கோத்தால் சரிபார்ப்பது கணினிக்கு ஒரு நிமிட வேலை.

அந்தக் கழிவு வரும்வரை செய்ய வேண்டியது இவ்வளவுதான். பயிற்சியில் சேரும் முன்பே அலுவலகத்துக்கு எழுதுங்கள், இந்தப் பயிற்சி இன்ன வேலைக்குத் தேவை என்று. ஆணை வாங்குங்கள். பில்லை அலுவலகத்தின் பெயரில் போடச் சொல்லுங்கள். பயணம் என்றால் ஆணை, டிக்கெட், வருகைச் சான்று மூன்றையும் ஒரே உறையில் போட்டு ஏழெட்டு ஆண்டு வைத்திருங்கள். பழைய முறையா புதிய முறையா என்பதை ஏப்ரலிலேயே கணக்குப் போட்டு அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். மார்ச்சில் கணக்கரைச் சுற்றி நின்று பயனில்லை. ஃபார்ம் 16 கையோடு கொண்டுவந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.